அந்த 18,000 பேர் யார்? போட்டியாளர் சைட்டைப் பற்றி எஸ்இஓ டூல் சொல்வதில் எவ்வளவு நம்பலாம்

கேள்வி: சந்தூர் பக்கம் எங்களுக்கு மா நாற்றுப் பண்ணை இருக்கிறது. இரண்டு வருடமாக சைட் வைத்து ஆன்லைனிலும் ஒட்டுச்செடி விற்கிறோம். போன வாரம் ஒரு ஏஜென்சிக்காரர் வந்து, எஸ்இஓ டூலில் (கூகுள் தேடலில் சைட்டை மேலே கொண்டுவரும் வேலைக்கு உதவும் மென்பொருள்) எடுத்த ரிப்போர்ட்டைக் காட்டினார். எங்கள் போட்டியாளருக்கு கூகுளிலிருந்து மாதம் 18,000 பேர் வருகிறார்களாம். எங்களுக்கு 90 பேர்தானாம். மாதம் 20,000 ரூபாய் கட்டினால் ஆறு மாதத்தில் அவர்களைப் பிடித்துவிடலாம் என்கிறார். இந்த எண்களை நம்பலாமா?

பதில்:

மேற்கொண்டு படிக்கும் முன் ஒரு வேலை செய்துவிடுங்கள். உங்கள் சைட்டின் சர்ச் கன்சோலைத் (கூகுள் தேடலிலிருந்து சைட்டுக்கு வந்த கிளிக்கை கூகுளே சைட்காரருக்குக் காட்டும் இடம்) திறந்து, போன மாதம் மொத்தம் எத்தனை கிளிக் வந்தது என்று பாருங்கள். அது 90க்குப் பக்கத்தில் இருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். 400 இருக்கலாம், 900கூட இருக்கலாம். எதுவானாலும் ஒரு தாளில் எழுதி வையுங்கள், அப்புறம் தேவைப்படும்.

நான் கிருஷ்ணகிரியில் ஒன்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன். மாங்கூழ் ஆலை, பர்கூர் ஜவுளிக்கடை, ஓசூரில் உதிரிபாகம் செய்யும் பட்டறை, இப்படி எல்லா விதமான சைட்டும் கையில் வந்திருக்கிறது. இரண்டு டூலுக்கு மாதாமாதம் காசு கட்டுகிறேன், இரண்டையும் தினமும் திறக்கிறேன். அதனால் டூல் எல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை. அவை சொல்லும் ஒவ்வொன்றையும் ஒரே மாதிரி நம்புவதில்தான் சிக்கல்.

நம் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது சுலபம். மாமரம் பூத்துப் பிஞ்சு பிடிக்கும் நேரத்தில் தோப்பைக் குத்தகைக்குக் கேட்டு வியாபாரி வருவார். நாலு வரிசை நடப்பார், அண்ணாந்து பார்ப்பார், போன வருடம் என்ன காய்ப்பு என்று விசாரிப்பார். கடைசியில் "இருபது டன் தேறும்" என்பார். பழக்கப்பட்ட ஆள் என்றால் அந்தக் கண்மதிப்புக்கு மரியாதை உண்டு. ஆனால் கூழ் ஆலையில் யாரும் அந்த இருபது டன்னுக்குக் காசு தருவதில்லை. எடைமேடைச் சீட்டுக்குத்தான் காசு. உங்கள் சர்ச் கன்சோல் எடைமேடைச் சீட்டு. டூல் காட்டும் 18,000, அடுத்தவன் தோப்பை வேலிக்கு வெளியே நின்று பார்த்துச் சொன்ன கண்மதிப்பு.

அந்த மதிப்பு எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்தால் எங்கே சறுக்கும் என்பதும் தெரிந்துவிடும். ஏரெஃப்ஸ், செம்ரஷ் போன்ற டூல்கள் கோடிக்கணக்கான தேடல் சொற்களைப் பட்டியலாக வைத்திருக்கின்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் கூகுளில் யார் எத்தனையாவது இடத்தில் வருகிறார்கள் என்று அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொள்கின்றன. அந்தச் சொல்லை மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று ஓர் எண், அந்த இடத்தில் இருப்பவருக்கு நூற்றில் எத்தனை பேர் போவார்கள் என்று இன்னோர் எண். இரண்டையும் பெருக்கி, எல்லாச் சொல்லுக்கும் கூட்டினால் வருவதுதான் அந்த 18,000. ஒருவர்கூட அந்த சைட்டின் வாசலில் நின்று ஆளை எண்ணவில்லை.

கணக்குக்கு ஒரு சொல்லை மாதம் 1,000 பேர் தேடுகிறார்கள், மூன்றாம் இடத்துக்கு நூற்றுக்குப் பத்து பேர் என்று டூல் வைத்துக்கொள்வதாக எடுத்துக்கொள்வோம். 100 பேர் என்று எழுதும். உண்மையில் தேடுபவர் 400 பேர்தான், மேலே நாலு விளம்பரமும் ஒரு மேப்பும் உட்கார்ந்திருப்பதால் கிளிக் நூற்றுக்கு நாலுதான் என்றால், வந்தவர் 16 பேர். சில சமயம் ஒரு தப்பு இன்னொரு தப்பைச் சமன் செய்து எண் சரியாகவே வந்துவிடும். அதுதான் ஆபத்து. ஒரு தடவை சரியாக வந்துவிட்டால் அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டு நம்புவோம்.

இதில் மாம்பழத் தொழிலை அதிகம் ஏமாற்றுவது மாதத் தேடல் எண்தான். இதற்கான ஆதாரம் பெரும்பாலும் கூகுளின் விளம்பரக்காரர்களுக்கான கீவேர்டு (தேடல் சொல்) பிளானர். அது கடந்த 12 மாதத்தின் சராசரியைத் தருகிறது. அதையும் முழு எண்ணாகத் தராது, படிகளாக அடுக்கித் தருகிறது: 1,000, 1,300, 1,600, 1,900, 2,400, 2,900. நடுவில் 2,100 என்று எந்தச் சொல்லுக்கும் வராது. விளம்பரத்துக்குக் குறைவாகச் செலவு செய்பவர்களுக்கு 2016லிருந்து இதுவும் கிடையாது, "100 முதல் 1,000 வரை" என்று வேலி போட்டு நிறுத்திவிடும். கிட்டத்தட்ட ஒரே பொருள் உள்ள சொற்களை ஒரே கூடையில் கொட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை ஒட்டவும் செய்யும். டூல் நிறுவனங்கள் இதன்மேல் தங்கள் திருத்தங்களைப் போட்டுச் சரிசெய்யப் பார்க்கின்றன. அடிப்படையே மங்கல் என்றால் எவ்வளவுதான் துடைப்பது?

ஒரு சம்பவம் சொல்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் ஒருவர் இமாம்பசந்தும் அல்போன்சாவும் பெட்டி போட்டு பெங்களூருக்கும் சென்னைக்கும் அனுப்புகிறார். ஒரு மே மாதம் அவர் கடையிலேயே உட்கார்ந்து, லேப்டாப்பில் இரண்டு ஜன்னலைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டினேன். நான் காசு கட்டி வைத்திருந்த டூலில் அவர் சைட்டுக்கு மாதம் 310 பேர். சர்ச் கன்சோலில் 4,260 கிளிக். அவருக்கு ஒரே சிரிப்பு. நவம்பரில் அதே ரிப்போர்ட் தானாகவே அவர் மெயிலுக்குப் போயிருக்கிறது. மாதம் 350 பேர், பக்கத்தில் பச்சை அம்புக்குறி, வளர்ச்சி என்று. கன்சோலில் 38 கிளிக். போன் செய்தார்: "நவம்பர்ல 350 பேரு வந்தாங்களா? யாரு சார் அவங்க? ஒருத்தர்கூட போன் பண்ணலையே!"

முக்கியமாக நடந்தது இதுதான். வருடத்தில் நாலு மாதம் பொங்கி, எட்டு மாதம் வறண்டு கிடக்கும் தேடலை 12ஆல் வகுத்து, ஒவ்வொரு மாதத்துக்கும் சமமாகப் பங்கு போட்டிருக்கிறது டூல். மே மாதத்துக்கு அது மிகக் குறைவு, நவம்பருக்கு மிக அதிகம். உங்கள் நாற்று வியாபாரத்துக்கும் இதே கதைதான், மாதங்கள்தான் வேறு. பழம் ஓய்ந்து மழை விழுந்த பிறகுதானே குழி எடுத்துச் செடி கேட்டு வருவார்கள்? ஏஜென்சிக்காரர் ரிப்போர்ட் எடுத்தது எந்த மாதம் என்று கேளுங்கள்.

அடுத்தது மொழி. இதில் டூல்கள் நமக்குச் செய்வது கிட்டத்தட்ட அநியாயம். உங்களிடம் வாங்குபவர் எப்படித் தேடுவார்? மாஞ்செடி, மாங்கன்று, மா நாற்று, ஒட்டு மா, ஒட்டுச்செடி, மாமரக் கன்று. இவற்றையே ஆங்கில எழுத்தில் தட்டும்போது ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். போனைப் பார்த்துப் பேசியே தேடுபவர் "செந்தூரா மாஞ்செடி எங்க கிடைக்கும்" என்று முழு வாக்கியமாகக் கேட்பார். தோத்தாபுரி என்று ஒருவர் தேடுவார், அதையே பெங்களூரா என்று நம் ஊர்க்காரர் தேடுவார். இவை ஒவ்வொன்றையும் மாதம் பத்து பேர், இருபது பேர் தேடுவதால் டூலின் பட்டியலில் பலவும் இருக்காது. இருந்தாலும் எண் 0 என்று இருக்கும். ஒவ்வொரு நாளும் வரும் தேடலில் நூற்றுக்கு 15 இதுவரை யாருமே தேடாத புதுத் தேடல் என்று கூகுளே பல வருடமாகச் சொல்லி வருகிறது. நம் மாதிரி சிறு ஊர், தமிழ்ப் பேச்சு, விதவிதமான எழுத்துக்கூட்டல் என்றால் டூலின் வலையில் விழாமல் போகும் மீன் இன்னும் அதிகம். உங்களுக்கு 90 என்று காட்டியதன் பெரும் காரணம் இதுதான் என்பேன்.

ஊர் என்று சொல்லும்போது இன்னொன்று. டூலில் இந்தியா என்று தேர்ந்தெடுக்கலாம், அதற்குள் நம் மாவட்டத்துக்கென்று தனித் தேடல் எண் எதிர்பார்க்க வேண்டாம். ஓசூரில் உட்கார்ந்து தேடினால் பல நேரம் கூகுள் பக்கத்தின் அடியில் பெங்களூரு என்று காட்டுகிறது, எனக்கே நடக்கிறது. அதனால் "நீங்கள் ஏழாவது இடம், அவர்கள் இரண்டாவது இடம்" என்பது யார் எங்கிருந்து தேடியபோது என்ற கேள்வி எப்போதும் உண்டு. மேப்பில் உங்கள் பண்ணையைப் பார்த்து நேராகப் போன் செய்பவர், யூடியூபில் வீடியோ பார்த்துவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்பவர், வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் கிடைத்து வருபவர், இவர்கள் யாரும் அந்த 18,000க்குள்ளும் இல்லை, உங்கள் 90க்குள்ளும் இல்லை. நாற்றுப் பண்ணைகளுக்குப் பாதி வியாபாரம் அங்கிருந்துதான் வருகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, 18,000க்கு வருவோம். அது முழுக்கப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. சுமாராகச் சரியாகவே இருந்தாலும் உங்களுக்குச் சம்பந்தமில்லாததாக இருக்கலாம், அதுதான் விஷயம். ஓசூரில் ரோஜாச் செடி விற்கும் ஒருவருக்காகப் போட்டியாளர் சைட்டை அலசிக்கொண்டிருந்தேன். டூலில் பிரமிக்க வைக்கும் எண். எந்தெந்தப் பக்கத்துக்கு வருகிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தால், முக்கால்வாசிக்கு மேல் ஒரே பக்கத்துக்கு: காதலர் தின ரோஜா வாழ்த்துப் படங்கள். அடுத்தது ரோஜா வால்பேப்பர். செடி விலை போட்டிருந்த பக்கம் பட்டியலில் எங்கோ கீழே, மாதம் 40 பேருடன். என் வாடிக்கையாளர் அந்தப் பெரிய எண்ணைப் பார்த்துத்தான் மூன்று வாரமாகத் தூங்காமல் இருந்தார்.

உங்கள் போட்டியாளருக்கும் "சர்க்கரை உள்ளவர்கள் மாம்பழம் சாப்பிடலாமா", "மாம்பழம் சூடா" மாதிரி ஒரு கட்டுரை ஓடிக்கொண்டிருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அமெரிக்காவிலிருந்தும் படித்துக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கு ஒட்டுச்செடி பார்சல் போகாது. டூலில் நாடு வாரியாகப் பிரித்துக் காட்டும் வசதி உண்டு, ரிப்போர்ட்டில் அதை ஏனோ யாரும் ஒட்டுவதில்லை. "2,400 கீவேர்டில் ரேங்க் ஆகிறார்கள்" என்ற வரியும் இதே வகை. அதில் எண்பதாவது, தொண்ணூறாவது இடத்தில் இருப்பவையும் சேர்த்தி. நீலம் என்ற ரகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினால், நீலக்கல் மோதிரம் தேடுபவருக்கும் எழுபதாவது இடத்தில் வரலாம். அதையும் ஒரு கீவேர்டு என்று எண்ணிக்கொள்ளும்.

பேக்லிங்க், அதாவது மற்ற சைட்டுகளிலிருந்து ஒரு சைட்டுக்கு வரும் லிங்க், அந்தப் பக்கம் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே டூல் மதிப்புப் போடுவதில்லை, அதன் சொந்த ரோபோ (சைட்டுகளைத் தானாகத் திறந்து படிக்கும் நிரல்) சைட் சைட்டாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. இந்தப் பக்கத்தில் உங்கள் போட்டியாளருக்கு லிங்க் இருக்கிறது என்று டூல் சொன்னால், திறந்து பார்த்தால் பெரும்பாலும் இருக்கும். அதனால் போட்டியாளரை அலச டூல் வாங்குவதென்றால் இதற்காகவே வாங்கலாம் என்பது என் கட்சி. எந்தச் செய்தித்தளம் அவர்களைப் பற்றி எழுதியது, எந்த விவசாயத் தளத்தில் அவர்கள் பெயர் வந்தது என்று தெரிந்தால், அந்தக் கதவை நீங்களும் தட்டலாம். ஆனால் எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். இரண்டு டூலில் பார்த்தால் இரண்டு எண், ஏனென்றால் இரண்டு ரோபோவும் போன தெரு வேறு. ஒரு சைட்டின் அடிப்பகுதியில் எல்லாப் பக்கத்திலும் ஒரு லிங்க் இருந்தால் அதுவே 5,000 லிங்க் ஆகிவிடும். எத்தனை சைட்டிலிருந்து என்று பாருங்கள், அதுவே போதும்.

இங்கே பலர் தப்பாகப் புரிந்துகொள்ளும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சைட்டில் ரோபோக்களுக்கான விதிகளை எழுதி வைக்கும் ரோபாட்ஸ் கோப்பில் (robots.txt) ஒரு வரி எழுதி டூல்களின் ரோபோவைத் தன் சைட்டுக்குள் விடாமல் தடுக்கலாம். போட்டியாளர் அப்படிச் செய்தால் அவருக்கு வரும் லிங்க்குகள் எல்லாம் மறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். மறையாது. அவருக்கு லிங்க் கொடுக்கும் சைட்டுகள் திறந்திருந்தால் டூல் அங்கே பார்த்துக்கொள்ளும். மறைவது, அந்த லிங்க் கொடுக்கும் சைட்டே ரோபோவைத் தடுத்திருந்தால்தான். லிங்க் விற்பதற்கென்றே பத்து இருபது சைட் கட்டி வைத்திருப்பவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். ஆகவே "லிங்க்கே இல்லாமல் எப்படி மேலே இருக்கிறார்கள்" என்று குழம்பும்போது இதையும் ஒரு காரணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சைட் எவ்வளவு பலமானது என்று டூல்கள் போடும் அத்தாரிட்டி மதிப்பெண்ணைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. மோஸ் என்ற டூல் தருவது டொமைன் அத்தாரிட்டி, ஏரெஃப்ஸ் தருவது டொமைன் ரேட்டிங், செம்ரஷ் தருவது அத்தாரிட்டி ஸ்கோர். மூன்றும் 100க்கு, மூன்றும் வேறு வேறு கணக்கு, மூன்றையும் கூகுள் பயன்படுத்துவதில்லை. 2019ல் மோஸ் தன் கணக்கு முறையை மாற்றியபோது ஏராளமான சைட்டுகளின் மதிப்பெண் ஒரே நாளில் மாறியது, கூகுளில் யாருடைய இடமும் அதனால் மாறவில்லை. "ஆறு மாதத்தில் 30 ஆக்கித் தருகிறோம்" என்று உங்கள் ஏஜென்சி எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள்.

சிமிலர்வெப் போன்றவை கூகுளை மட்டும் பார்க்காமல் மொத்த வருகையையும் மதிப்பிடுகின்றன. அதற்கு ஒரு பகுதி மக்களின் பிரவுசிங் பதிவு வேண்டும், அதிலிருந்து மொத்தத்தைப் பெருக்கிச் சொல்கின்றன. இந்தப் பதிவுகள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு ஓர் உதாரணம். அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனத்துக்கு ஜம்ப்ஷாட் என்று ஒரு துணை நிறுவனம் இருந்தது. அவாஸ்ட் போட்டிருந்தவர்களின் பிரவுசிங்கை எடுத்து விற்றது அம்பலமாகி, 2020 ஜனவரியில் அதை மூட வேண்டியதாயிற்று. 2024ல் அமெரிக்க வணிக ஆணையம் இதற்காக 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. ஊற்று அடைபட்டால் அதை நம்பிய டூலின் எண்ணும் ஆடும். நம் ஊரில் அந்த மாதிரி ஆன்டிவைரஸோ பிரவுசர் நீட்டிப்போ போட்டிருக்கும் விவசாயி எத்தனை பேர்? எல்லாம் போன்தான். சிறு சைட்டுக்கு இந்த முறை எடுபடாது, பெரிய சைட்டுக்கு ஓரளவு எடுபடும்.

2025ல் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களிடம் காட்டிய ரிப்போர்ட்டில் ஒரு வருடத்துக்கான வரைபடம் இருந்திருக்கும். ஜனவரியில் கூகுள் ரோபோக்களைத் தடுக்கும் ஏற்பாட்டை இறுக்கியது, பல டூல்களில் ரேங்க் தகவல் சில நாள் திணறியது. செப்டம்பரில் ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைக் கேட்டு வாங்கும் வசதியை நிறுத்திவிட்டது. டூல்கள் அதுவரை ஒரே தடவையில் எடுத்ததை அதன்பிறகு பத்துத் தடவை எடுக்க வேண்டியதாயிற்று, பல டூல்கள் ஆழமான இடங்களைக் கண்காணிப்பதையே குறைத்துக்கொண்டன. அதனால் அந்த மாதத்தில் கீவேர்டு எண்ணிக்கை சரிந்திருந்தால் போட்டியாளர் விழுந்தார் என்று சந்தோஷப்பட வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை. அதே சமயம் பலருடைய சர்ச் கன்சோலிலும் இம்ப்ரெஷன் எண்ணிக்கை (தேடல் முடிவில் சைட் எத்தனை தடவை காட்டப்பட்டது என்பது) தடாலென்று இறங்கியது. டூல்களின் ரோபோ நூறு முடிவுகளைத் திறந்து பார்த்ததெல்லாம் அதுவரை நம் கணக்கில் இம்ப்ரெஷனாக ஏறியிருந்தது என்பதுதான் பலருடைய விளக்கம். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. எடைமேடையிலும் கொஞ்சம் கல் ஏறியிருக்கிறது! கிளிக் எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், இம்ப்ரெஷனைச் சற்றுத் தள்ளியே வையுங்கள். மிக அரிதான தேடல்களைத் தேடுபவரின் அந்தரங்கத்துக்காக கூகுள் பெயர் சொல்லாமல் மறைத்துவிடும். அதனால் கன்சோலில் தெரியும் சொற்களின் கிளிக்கைக் கூட்டினால் மொத்த கிளிக்குக்கு வராது. பயப்பட வேண்டாம், மொத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முதலில் எழுதி வைத்த தாளை எடுங்கள். கன்சோலில் 630 என்று வைத்துக்கொள்வோம், டூலில் 90. ஏழு மடங்கு வித்தியாசம். உடனே 18,000ஐயும் ஏழால் பெருக்கி ஒன்றேகால் லட்சம் என்று நினைத்துவிட வேண்டாம், அது பெரிய தப்பு. உங்கள் சைட்டைப் போலச் சிறியதாக, தமிழில், ஊர்த் தேடலை நம்பி இருக்கும் சைட்டுக்கு மட்டும்தான் அந்த ஏழு மடங்கு கொஞ்சம் பொருந்தும். நிறையப் பேர் தேடும் பொதுவான சொல்லில் ஓடும் கட்டுரைகளை டூல் நன்றாகவே பார்க்கும், அங்கே வித்தியாசம் குறைவு, சில நேரம் உண்மையைவிட அதிகமாகவே காட்டும். உங்களுக்குத் தெரிந்த ஒன்றிரண்டு பேரிடம், விதை விற்பவர், உரக்கடைக்காரர் யாராவது சைட் வைத்திருந்தால், அவர்கள் கன்சோல் எண்ணையும் கேட்டு வாங்கி டூலோடு ஒப்பிடுங்கள். மூன்று நாலு சைட் பார்த்துவிட்டால் இந்த டூல் எந்த வகை சைட்டை எப்படி மதிப்பிடுகிறது என்று கைக்குப் பிடிபடும். தோப்பு பார்க்கும் வியாபாரியும் இப்படித்தானே பழகுகிறார்?

போட்டியாளருக்கு நிஜமாகவே கூட்டம் வருகிறதா என்று பார்க்கக் காசில்லாத வழி ஒன்று உண்டு, ஏஜென்சிக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். சைட்டின் வேகத்தைச் சோதிக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் அவர்கள் முகவரியைப் போடுங்கள். மேலே "உண்மையான பயனர்கள் அனுபவிப்பது" என்ற பகுதி, குரோமில் வந்த நிஜ ஆட்களிடமிருந்து கடைசி 28 நாளில் சேர்த்தது. போதுமான ஆட்கள் வராத சைட்டுக்கு அந்த இடத்தில் தகவல் இல்லை என்று வந்துவிடும். எத்தனை பேர் என்று சொல்லாது. ஆனால் 18,000 பேர் வருவதாகச் சொல்லப்படும் சைட்டுக்கு அங்கே எதுவுமே இல்லையென்றால் எனக்குச் சந்தேகம் வரும். முகப்புக்குத் தகவல் இருந்து, செடி விற்கும் பக்கத்துக்கு மட்டும் இல்லையென்றால், கூட்டம் எங்கே போகவில்லை என்று தெரிந்துவிடுகிறது.

கூகுள் ட்ரெண்ட்ஸில் தமிழ்நாடு என்று வைத்து இரண்டு சொல்லை ஒப்பிட்டால் எது மேலே, எந்த மாதம் உச்சம் என்பது தெரியும், 0 முதல் 100 வரை அளவில். கூகுளின் விளம்பர வெளிப்படைத்தன்மை மையத்திலும் மெட்டாவின் விளம்பர நூலகத்திலும் போட்டியாளர் இப்போது என்ன விளம்பரம் ஓட்டுகிறார் என்று அப்படியே பார்க்கலாம், அதில் கண்மதிப்பு எதுவும் இல்லை. மூன்று மாதமாக ஒரே விளம்பரம் ஓடினால் அது காசு தருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மேப்பில் அவர்களுக்குப் புது விமர்சனம் எந்த வேகத்தில் சேர்கிறது என்று பாருங்கள். அப்புறம், ஒரு போன் போட்டு ஐம்பது செந்தூரா வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். "நாளைக்கே அனுப்புறோம்" என்கிறார்களா, "மூணு வாரம் ஆகும்" என்கிறார்களா என்பதில் எந்த டூலிலும் இல்லாத தகவல் இருக்கிறது.

ஏஜென்சிக்காரரைத் துரத்திவிடுங்கள் என்று சொல்லவில்லை. அவர் தெரிந்தே ஏமாற்றுகிறார் என்றும் நினைக்கவில்லை, பலருக்கு டூல் காட்டுவதுதான் உண்மை என்றே பழகிவிட்டது. அவரிடம் அந்த 18,000ஐப் பக்கம் வாரியாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். இந்தியாவுக்கு மட்டும் எவ்வளவு, முதல் பத்து இடத்துக்குள் இருப்பவை மட்டும் எவ்வளவு என்று கேளுங்கள். மாதம் 20,000 ரூபாய் என்கிறாரே, செடிக்கு 30 ரூபாய் நிற்கிறது என்று வைத்தாலும் அவருக்குக் கட்டவே மாதம் 667 செடி கூடுதலாகப் போக வேண்டும். இது எந்த மாதத்திலிருந்து நடக்கும் என்று கேளுங்கள். வளர்ச்சியை எதில் காட்டுவீர்கள் என்றும் கேளுங்கள். உங்கள் சர்ச் கன்சோலிலும், உங்களுக்கு வரும் போன் எண்ணிக்கையிலும் என்றால் பேசலாம். மறுபடியும் டூலிலேயே என்றால் வேண்டாம்.

பக்கம் வாரியான பட்டியல் வந்ததும், தலைப்பில் செடி, கன்று, நாற்று, ஒட்டு என்ற சொல் இருக்கும் வரிகளை மட்டும் பேனாவால் டிக் அடியுங்கள். மற்றதை விட்டுவிட்டு, டிக் அடித்ததை மட்டும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையை உங்கள் 90க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள், அந்தப் பக்கங்களில் எதை முதலில் பிடிக்கலாம் என்று சொல்கிறேன்.